நுரைக்காத தண்ணீர்

தயாளினி பதினேழு வருடமாக மற்றவர்கள் செய்த பரிசோதனைகளின் கண்ணாடிகளைக் கழுவி வந்தவள். திருகோணமலை நகரத்துப் பாடசாலை ஒன்றில் ஆய்வுகூட உதவியாளர் வேலை. சாம்பல்தீவிலிருந்து சைக்கிளில் பாலத்தைக் கடந்து வந்து, ஏழு மணிக்கெல்லாம் ஆய்வுகூடத்தைத் திறந்துவிடுவாள். எந்தப் போத்தலில் எவ்வளவு அமிலம் கிடக்கிறது, எந்த முகவையின் விளிம்பில் கீறல் விழுந்திருக்கிறது என்பதெல்லாம் ஆசிரியர்களைவிட அவளுக்குத்தான் தெரியும். உயர்தரப் பரீட்சையில் இரசாயனவியலில் நல்ல பெறுபேறு எடுத்தவள். பௌதிகவியல் காலை வாரிவிட்டது. இரண்டாம் தடவை எழுதப் போன வருடம் குடும்பம் போரில் இடம்பெயர்ந்து முகாமில் கிடந்தது. அதோடு படிப்புக் கதை முடிந்தது.

அதைப் பற்றி அவள் யாரிடமும் முறையிட்டதில்லை. ஆனால் பிள்ளைகள் பரிசோதனை செய்யும்போது கடைசி வாங்குப் பலகையின் ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருப்பாள். யாராவது பிழையாக ஊற்றப்போனால் கை தானாக முன்னே வரும். பிறகு பின்னே போகும்.

இரண்டாயிரத்து இருபத்தொன்றாம் ஆண்டு முடிகிற நேரம் அந்த ஆய்வுகூடத்தில் விஞ்ஞான ஆசிரியர்களுக்கு ஒரு செயலமர்வு நடந்தது. நடத்த வந்தவன் சஞ்சீவன் என்ற இளம் விரிவுரையாளர். பெட்டியொன்றைத் தூக்கிக்கொண்டு வந்து மேசையில் வைத்தான். பழைய தொலைக்காட்சியிலிருந்து கழற்றிய உயர் அழுத்தச் சுருள் ஒன்று, அதிலிருந்து வரும் ஊசி, ஊசிக்குக் கீழே காய்ச்சி வடித்த நீர் நிரப்பிய கண்ணாடிக் கலம், கலத்துக்குள் ஆகன் வாயுவை விடுவதற்கு ஒரு குழாய். அவ்வளவுதான். ஊசி தண்ணீரைத் தொடாது. இடையில் இருக்கிற வாயுவிலே மின்சாரம் பாயும்போது பிளாஸ்மா உண்டாகும், அது தண்ணீர் மூலக்கூறுகளை உடைக்கும், உடைந்த துண்டுகள் வேறு விதமாகச் சேரும்போது ஐதரசன் பரவொட்சைட்டு வரும் என்று விளங்கப்படுத்தினான். புண்ணிலே ஊற்றினால் பொங்கி நுரைக்குமே, அதே மருந்து.

மின் ஆளியை அழுத்த ஆசிரியர்கள் பயந்தார்கள். கடைசியில் சஞ்சீவன், கண்ணாடிகளை அடுக்கிக்கொண்டு நின்ற தயாளினியைக் கூப்பிட்டான். அவள் அழுத்தினாள். ஊசி முனையிலிருந்து ஊதா நிறத்தில் ஒரு நூல் இறங்கித் தண்ணீரின் மேல் விரிந்து நடுங்கியது. தண்ணீர் சிறிது குழிந்தது.

"கப்பல்ல வரும் எண்டு பாத்துக்கொண்டிருக்கத் தேவையில்லை," என்றான் சஞ்சீவன். "தண்ணியும் கரண்டும் இருந்தால் ஒவ்வொரு சின்ன ஆஸ்பத்திரியும் தன்ரை மருந்தைத் தானே செய்யலாம். இப்ப இல்லை. ஒரு காலத்தில."

அன்று அவளுடைய காதில் கடைசி வார்த்தைகள் விழவில்லை.

அடுத்த மார்ச் மாதம் சஞ்சீவன் நோர்வேக்குப் போய்விட்டான். கையில் டொலர் இல்லாமல் நாடு திணறிய அந்த நாட்களில் போகக்கூடியவர்கள் எல்லாம் போய்க்கொண்டிருந்தார்கள். பெட்டியைத் திருப்பி எடுக்க ஒருவரும் வரவில்லை. அது ஆய்வுகூட அலுமாரியின் கீழ்த்தட்டில், தயாளினியின் பொறுப்பில் கிடந்தது.

அவளுடைய புருசன் ரஞ்சனுக்குத் துறைமுகப் பக்கத்து உலோக ஒட்டுப் பட்டறை ஒன்றில் வேலை. மீன்பிடி வள்ளங்களுக்கு வேண்டிய கறள் பிடிக்காத உருக்குப் பெட்டிகள், கம்பிகள் எல்லாம் அவன் ஒட்டினால் கோடு போட்டதுபோல இருக்கும் என்று பெயர். பிள்ளைகள் இல்லாத வீடு. இரண்டு பேரும் வேலை முடிந்து வந்து ஒன்றாகத்தான் சமைப்பார்கள். நாற்பது வயதுக்குள்ளேயே அவனுக்குச் சீனி வருத்தம் வந்துவிட்டது. குளிசையை ஒழுங்காகப் போடுவான். ஆனால் அந்த வருடம் ஆஸ்பத்திரியிலே குளிசையே ஒழுங்காக வரவில்லை.

மே மாதத்தில் ஒருநாள் ஒட்டிக்கொண்டிருந்தபோது உருகிய உலோகத் துளியொன்று அவனுடைய இடது சப்பாத்துக்குள் விழுந்தது. அவனுக்குத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றியபோது உள்ளே போட்டிருந்த மேசு சதையோடு ஒட்டியிருந்தது. தயாளினி குனிந்து அதைப் பார்த்தாள்.

"நோகேல்லையே உங்களுக்கு?"

"நொந்திருந்தால் அங்கேயே கழட்டியிருப்பன்."

கிராமத்துச் சிறு ஆஸ்பத்திரியில் மருந்து கட்டுகிற தாதியின் பெயர் சித்தி பரீதா; தோப்பூரைச் சேர்ந்தவர், ஐம்பதை அண்டியவர், கதை குறைவு. அவர் காயத்தைத் துப்புரவாக்கிக் கட்டினார். வைத்தியர் எழுதிக் கொடுத்த துண்டில், வெளியில் வாங்கிவர வேண்டிய பொருட்கள் ஐந்து இருந்தன. அவற்றில் ஒன்று ஐதரசன் பரவொட்சைட்டு.

தயாளினி நகரத்து மருந்துக்கடைகள் எல்லாம் ஏறி இறங்கினாள். நிலாவெளிக்கும் போனாள். தெரிந்தவர் மூலமாகக் கிண்ணியாவிலும் கேட்பித்தாள். துணி கிடைத்தது, பிளாஸ்டர் கிடைத்தது. அந்த ஒன்று மட்டும் எங்கேயும் இல்லை. இறக்குமதி நின்று மூன்று மாதம் என்றார்கள். வெறுங்கையோடு திரும்பியவளிடம் சித்தி பரீதா, அது இல்லாவிட்டால் பெரிய குறையில்லை, கொதித்தாறிய உப்புத் தண்ணீரே போதும், காலைச் சுத்தமாக வைத்திருந்து சீனியைக் குறைத்தால் சரி என்று சொன்னார். தயாளினி தலையாட்டினாள். ஆனால் எழுதிக் கொடுத்த துண்டு அவளுடைய கைப்பையிலேயே இருந்தது. செய்முறையில் ஐந்து பொருள் எழுதியிருந்தால் நாலோடு தொடங்கக் கூடாது என்று பழகியவள் அவள்.

ஜூன் கடைசியில் எரிபொருள் இல்லாமல் பாடசாலைகளை மூடினார்கள். ஆய்வுகூடச் சாவி அவளிடம். சாமான்களைப் பூஞ்சணம் பிடிக்காமல் பார்க்க வேண்டும் என்று அதிபரிடம் கேட்டாள். அவர் போய்வரும்படி சொன்னார். கேட்டது முழுப் பொய்யுமில்லை.

ஆகன் வாயு ரஞ்சனின் தொழிலில் புழங்குகிற சாமான். உருக்கு ஒட்டும்போது காற்றுப் படாமல் காப்பதற்கு அதைத்தான் விடுவார்கள். பட்டறையிலும் வேலை படுத்துப்போயிருந்தது. முதலாளி, அடியில் கொஞ்சம் வாயு மிஞ்சிக் கிடந்த உருளையொன்றைக் கொண்டுபோகச் சொன்னார். கைவண்டிலில் அதை ஏற்றி, கச்சான் காற்று முகத்தில் மண்ணை வாரி அடிக்க, பாடசாலை மட்டும் அவளே தள்ளிக்கொண்டு போனாள். ரஞ்சன் ஒரு காலில் நொண்டிக்கொண்டு பட்டறை வாசல்வரை வந்து நின்றான். இது வேண்டாத வேலை என்று அவன் சொல்லவில்லை. அவள் முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தை அவன் கன காலத்துக்குப் பிறகு கண்டிருந்தான்.

மின்சாரம் இருக்கிற மணித்தியாலங்களைப் பத்திரிகையில் பார்த்து அந்த நேரத்துக்குப் போவாள். ஒரு தரத்துக்கு அரை மணித்தியாலம். ஊதா நூல் தண்ணீரின் மேல் நடுங்கும்; பக்கத்தில் கதிரையைப் போட்டு அவள் அதையே பார்த்துக்கொண்டிருப்பாள். மருந்து உண்டாகிறதா என்று அறிய அவளிடம் ஒரே ஒரு வழிதான் இருந்தது: பொற்றாசியம் பரமங்கனேற்று. கிணற்றுக்குப் போடுகிற அந்தக் கொண்டிஸ் கல்லின் ஊதாக் கரைசலில் பரவொட்சைட்டுப் பட்டால் நிறம் போய்விடும். உயர்தரத்தில் படித்தது. ஆகனோடு ஓட்டிய தண்ணீரில் ஒரு துளி விட்டாள். நிறம் போனது, ஆனால் மெதுவாக, மனமில்லாமல் போவதுபோலப் போனது.

மூன்றாம் நாள் உருளை வெறுமையானது. வேறு ஆகன் ஊரில் இல்லை. அவள் ஒரு மணித்தியாலம் சும்மா இருந்தாள். பிறகு குழாயைக் கழற்றிவிட்டு, வெறும் காற்றிலேயே ஆளியை அழுத்தினாள். ஊதா நூல் முன்னரைவிடத் தடிப்பாக, சத்தத்தோடு இறங்கியது. மூக்கை அரிக்கிற ஒரு மணம் வந்தது. அரை மணித்தியாலத்துக்குப் பிறகு பரமங்கனேற்றுத் துளியை விட்டாள். கண் மூடித் திறப்பதற்குள் நிறம் போய்விட்டது. இன்னொரு துளி. அதுவும் போனது. பத்துத் துளி விட்டும் தண்ணீர் தெளிவாகவே நின்றது.

கற்றுத் தந்த விரிவுரையாளனுக்கே தெரியாத ஒன்றைத் தான் கண்டுபிடித்துவிட்டதாக அவள் நினைத்தாள். ஆகனும் தேவையில்லை! வாழ்க்கையில் அவள் தானாகச் செய்த முதலாவது பரிசோதனை அது. வீட்டுக்கு வரும் வழியில் சாம்பல்தீவுப் பாலத்தில் சைக்கிளை நிறுத்தி, பைக்குள்ளிருந்த போத்தலை எடுத்துத் திரும்பவும் ஒருதரம் பார்த்தாள்.

அன்று பின்னேரமே ரஞ்சனின் கட்டை அவிழ்த்து அந்தத் தண்ணீரை ஊற்றினாள்.

"நுரைக்கேல்லையே," என்றான் ரஞ்சன்.

"இது கடையில வாறது மாதிரிக் கடும் மருந்தில்லை. கன தரம் ஊத்தினால் சரி. எரியுதோ?"

"ஒண்டும் தெரியேல்லை."

எரியவில்லை என்பதை அவள் நல்ல அறிகுறியாக எடுத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு காலையும் மாலையும் ஊற்றினாள். புண்ணின் விளிம்பு வெளுத்து வந்தது. சுத்தமாகிறது என்று நினைத்தாள்.

ஜூலை நடுப்பகுதியில் சித்தி பரீதா காலைத் தொட்டுப் பார்த்துவிட்டு நெற்றியைச் சுருக்கினார். மற்றக் காலையும் தொட்டுப் பார்த்தார். இடது பாதம் குளிர்ந்திருக்கிறது, இரத்தம் இறங்கவில்லைப் போலத் தெரிகிறது, அந்த வசதி உள்ள மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்குப் போய் இரத்தக் குழாய்களைப் படம் எடுத்துப் பார்ப்பது நல்லது என்று வைத்தியரிடம் சொல்லிக் கடிதம் எடுத்துத் தந்தார்.

கடிதத்தை வைத்துக்கொண்டு இரண்டு பேரும் குசினியில் இருந்து கதைத்தார்கள். பஸ் ஓடுவது நிச்சயமில்லை. ஓடினாலும் நிற்க இடமிருக்காது. அந்தக் காலோடு மணிக்கணக்காக நிற்க ஏலாது. வான் பிடித்தால் டீசல் இல்லை. இதெல்லாம் உண்மையான காரணங்கள்தான். ஆனால் முடிவைச் சொன்னவள் தயாளினி.

"இன்னும் ரெண்டு கிழமை பாப்பம். மருந்து இப்பதானே பிடிக்கத் தொடங்கியிருக்கு."

"நீர் சொன்னால் சரி," என்றான் அவன்.

இரண்டு கிழமை மூன்றானது. அந்த மூன்று கிழமையும் அவள் ஒருநாளும் தவறாமல் ஓட்டினாள். ஒருநாள் தன் வெற்றியைச் சஞ்சீவனுக்கு எழுதினாள். ஆகன் இல்லாமல் காற்றிலே ஓட்டியது, பத்துத் துளி நிறமற்றுப் போனது, எல்லாவற்றையும் ஒழுங்காக, பரிசோதனைக் கொப்பில் எழுதுவதுபோல எழுதி அனுப்பினாள். புண்ணுக்கு ஊற்றுவதை மட்டும் எழுதவில்லை.

பன்னிரண்டு நாளைக்குப் பிறகு பதில் வந்தது. மரியாதையான, அன்பான பதில். காற்றில் நைதரசன் இருக்கிறது; அதில் பிளாஸ்மாவை ஓட்டினால் பெரும்பாலும் உண்டாவது நைத்திரைற்றும் நைத்திரிக்கமிலமும்தான்; நைத்திரைற்றும் பரமங்கனேற்றின் நிறத்தைப் போக்கும்; ஆகவே அந்தச் சோதனையை நம்பக் கூடாது. அமிலத்தைக் காட்டுகிற பாசிச்சாயத்தாளைத் தோய்த்துப் பாருங்கள், பரவொட்சைட்டை அளக்கிற தாள் நான் இருந்த பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் வேலை செய்கிற பாஹிமிடம் இருக்கும், கேட்டு வாங்குங்கள் என்று எழுதியிருந்தான். கடைசியில், இவ்வளவு தூரம் நீங்கள் முயன்றது பெரிய விசயம் அக்கா என்றும் இருந்தது.

பாசிச்சாயத்தாள் அவளுடைய அலுமாரியிலேயே இருந்தது. பதினேழு வருடமாக அவளே வெட்டி அடுக்கி வைக்கிற தாள். தோய்த்தாள். நீலம் அந்த நொடியே சிவப்பானது.

பாஹிம் இரண்டு அளவுத்தாள் தந்தான். என்னத்துக்கென்று கேட்டபோது பிள்ளைகளுக்குக் காட்ட என்றாள். அளவுத்தாள் மெல்லிய நீலமாக மாறியது. அவன் கூடத் தந்த நிற அட்டவணையோடு வைத்துப் பார்த்தாள்: லீற்றருக்கு மூன்று மில்லிகிராமுக்கும் பத்துக்கும் இடையில். கடைப் போத்தலில் இருப்பது நூற்றுக்கு மூன்று வீதம். அதை மில்லிகிராமாக மாற்றினால் முப்பதாயிரம். கணக்கைத் திரும்பவும் செய்தாள். மூன்றாந்தரமும் செய்தாள். அவள் இவ்வளவு நாளும் புருசனின் புண்ணில் ஊற்றியது மருந்தேயில்லாத புளித்த தண்ணீர்.

வீட்டுக்கு வந்தபோது ரஞ்சன் முற்றத்தில் கதிரையில் இருந்தான். கட்டை அவிழ்த்தாள். சின்ன விரல் கறுத்திருந்தது. காலையில் அது வெறும் நீலமாக இருந்ததாக அவளுக்கு நினைவு. அல்லது அவள் அப்படிப் பார்க்க விரும்பியிருக்கலாம்.

திருகோணமலைப் பெரியாஸ்பத்திரியில் முதலில் விரலை எடுத்தார்கள். எட்டு நாள் கழித்துப் பாதத்தை எடுக்க வேண்டும் என்றார்கள். கடைசியில் முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். தயாளினி விறாந்தையில் நின்றாள். யாரோ கையெழுத்துக் கேட்டார்கள், வைத்தாள்.

சித்தி பரீதா விடுமுறை நாளொன்றில் ரஞ்சனைப் பார்க்க வந்தார். தயாளினி அவரை வெளியே கூட்டிப்போய் எல்லாவற்றையும் சொன்னாள். போத்தலைப் பற்றி, அமிலத்தைப் பற்றி, எரியவில்லை என்று அவன் சொன்னதைப் பற்றி. தாதி குறுக்கே ஒன்றும் கேட்காமல் முழுவதையும் கேட்டார்.

"அந்தக் கால் எரியிறதை அறியிற நிலையில இருக்கல்ல தங்கச்சி. நரம்பு முந்தியே செத்துப்போச்சு. நீங்க பன்னீர் ஊத்தியிருந்தாலும் திராவகம் ஊத்தியிருந்தாலும் அவருக்கு ஒண்டுதான்."

"அப்ப என்னால இல்லையோ?"

தாதி நல்ல மனிசி, ஆனால் பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர்.

"தண்ணியால இல்லை," என்றார். "நாள் போனதாலயோ எண்டு நான் சொல்ல ஏலாது. அது அல்லாஹ்வுக்குத்தான் தெரியும்."

அந்தப் பதிலைத் தயாளினி அன்றைக்கே ரஞ்சனிடம் சொல்ல நினைத்தாள். சொல்ல இரண்டு மாதம் எடுத்தது. அவன் ஊன்றுகோலில் பழகி, குசினிக்கு வந்து வெங்காயம் உரிக்கிற அளவுக்குத் தேறிய பிறகு, ஒரு காலைப்பொழுதில் சொன்னாள். அளவுத்தாள், முப்பதாயிரம், மட்டக்களப்புக் கடிதம் எல்லாம். அவன் வெங்காயத்தை உரித்து முடித்தான்.

"முந்திப் போயிருந்தாலும் போற கால் போயிருக்கும்," என்றான்.

"உங்களுக்கு அது எப்பிடித் தெரியும்?"

"தெரியாது."

அதற்குப் பிறகு இரண்டு பேரும் அந்தக் கதையை எடுக்கவில்லை. அவன் அவளைக் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தனக்குச் சுகமாக இருந்திருக்கும் என்று அவள் பல தரம் நினைத்திருக்கிறாள்.

பட்டறையில் அவனைத் திரும்ப எடுக்கவில்லை. ஒட்டுகிறவன் வள்ளத்துக்குள் இறங்க வேண்டும், ஏணியில் ஏற வேண்டும். செயற்கைக் கால் ஒன்று கொடுத்தார்கள். போட்டால் தோல் உரிந்தது. சுவரில் சாத்தி வைத்தான். வீட்டுக்கு முன்னால் சின்ன ஒட்டு வேலைகள் எடுத்துச் செய்து பார்த்தான். சைக்கிள் கம்பி, படலைக் கொளுக்கி. கண் பார்வையும் மங்கத் தொடங்கியபோது கோடு வளைந்தது. வளைந்த கோட்டை ஆட்கள் பரவாயில்லை என்றுதான் சொன்னார்கள். அவன் அத்தோடு விட்டுவிட்டான்.

இரண்டு வருடம் போனது. பாடசாலைக்கு லக்சனா என்று ஒரு பௌதிகவியல் ஆசிரியை புதிதாக வந்தாள். அலுமாரியில் பெட்டியைக் கண்டு, விஞ்ஞானக் கண்காட்சிக்கு வைப்போம் என்று ஆசைப்பட்டாள். தயாளினி மறுக்கவில்லை. எல்லாவற்றையும் பொருத்திக் கொடுத்தாள். இந்த முறை ஆகன் தாராளமாகக் கிடைத்தது. ஊதா நூல் இறங்கியபோது பிள்ளைகள் கை தட்டினார்கள். ஒரு மாணவி, இதால் என்ன பிரயோசனம் ரீச்சர் என்று கேட்டாள். லக்சனா புத்தகத்தில் இருந்ததைச் சொல்லத் தொடங்கினாள்: எதிர்காலத்தில் சிறிய ஆஸ்பத்திரிகள் தமக்குத் தேவையானதைத் தாமே...

"எவ்வளவு வருது எண்டும் சொல்லிக் குடுங்கோ மிஸ்," என்றாள் தயாளினி பின்னாலிருந்து. "அளந்துபோட்டுச் சொல்லிக் குடுங்கோ."

ஆய்வுகூடத்தில் அவள் தானாக வாய் திறந்தது அன்றுதான். லக்சனா திரும்பிப் பார்த்தாள். தயாளினி அடுத்த மேசைக்குக் கண்ணாடி எடுக்கப் போய்விட்டாள்.

போன வருடம் பங்குனியில் ரஞ்சனின் வலது குதிக்காலில் ஒரு கொப்புளம் வந்தது. தயாளினிதான் கண்டாள், தினமும் பார்க்கிறவள். மறுநாள் காலை முதல் பஸ்ஸில் மட்டக்களப்புக்குக் கூட்டிப் போனாள். பஸ்கள் ஒழுங்காக ஓடின. இருக்க இடமும் கிடைத்தது. அன்றைக்கே படம் எடுத்தார்கள்.

வைத்தியர் வயது குறைந்தவர், பொறுமையாகக் கதைத்தார். திரையைத் திருப்பிக் காட்டினார். முழங்காலுக்குக் கீழே மூன்று குழாய் இருக்க வேண்டும். இரண்டு முற்றாக அடைத்துவிட்டது, மூன்றாவது நூலாகத் தெரிகிறது, அடைப்பைத் திறந்துவிடக்கூடிய இடமாக ஒன்றுமில்லை என்றார். இவ்வளவு கெதியாக வந்தது நல்ல காரியம் என்றும் சொன்னார். புண்ணைச் சுத்தமாக வைத்திருங்கள், பெரிதானால் வாருங்கள்.

"பெரிசானால் என்ன செய்வீங்கள்?" என்று கேட்டாள் தயாளினி.

வைத்தியர் ரஞ்சனைப் பார்த்தார், பிறகு படத்தைப் பார்த்தார். அப்போது யோசிப்போம் என்றார்.

வெளியே வந்து பஸ் நிலையத்தில் இருந்தார்கள். ரஞ்சன் தேத்தண்ணி வேண்டும் என்றான், சீனி இல்லாமல். அவள் இரண்டு வாங்கி வந்தாள். திரும்புகிற பஸ் வெருகலைத் தாண்டியது. அவனுடைய வலது காலைத் தன் மடியில் தூக்கி வைத்து, அவன் உடுத்திருந்த சாரத்தின் ஓரத்தால் மூடி, பஸ் குலுங்கும்போதெல்லாம் ஒரு கையால் பிடித்துக்கொண்டு வந்தாள் அவள். பாதம் குளிர்ந்துதான் இருந்தது.